சிவப்பு இல்லை என்று சொன்ன குரல்

என் பெயர், தகப்பனார் பெயர், குடியிருக்கும் வீட்டு எண் எல்லாம் முதல் தாளில் போலீஸ் ஐயா எழுதிக்கொண்டபடி சரி. வயது அட்டையில் ஐம்பத்திரண்டு, அம்மா சொன்ன கணக்கில் ஐம்பத்து நான்கு. அட்டை எடுக்கப் போன அன்று வரிசை நீளமாக இருந்ததால் எங்கள் அப்பா வாய்க்கு வந்த வருஷத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எது வேண்டுமோ அதை ஐயா போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போனதில்லை. எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. கடலோரத்தில் வாயுவைத் திரவமாக்கும் ஆலையில் ஏழு வருஷமாக மேஸ்திரியாக இருக்கிறேன். என் கீழே நாற்பத்தொரு பேர். குளிர்ந்த குழாய்களுக்கு நுரைக்கட்டி சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்டு மூடுவது எங்கள் வேலை. அதனால் அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘போர்வை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் வாங்கும் இடத்தில்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் கவரைத் தேடி எடுப்பார்கள்.

இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஆலையை ஓட்டும் பேனல் ஆபரேட்டர், என் தங்கையின் வீட்டுக்காரர். ஆலை ஓட்டத்தின் இருபத்தெட்டாம் நாள், காரணம் எதுவும் இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு, அவசர நிறுத்தப் பொத்தானை அவர் அமுக்கிவிட்டார் என்பது கம்பெனியின் புகார். காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை மூடி மறைத்தவன் நான். நான் சொல்வது எனக்கு எதிராகவே போகலாம் என்று ஐயா முதலிலேயே சொன்னார். தெரிந்துதான் வந்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை.

ஆலை என்ன செய்கிறது என்பதெல்லாம் வேண்டாம், சுருக்கமாகச் சொல் என்று ஐயா சொன்னார். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் ஒரு துணி நாடாவை அவிழ்த்தது எப்படிக் குற்றம் ஆகும் என்று படிக்கிறவர்களுக்கு விளங்காது. தரைக்கு அடியிலிருந்து வருகிற வாயுவை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது, காற்றை மூட்டை கட்டின கதையாகிவிடும். அது தண்ணீர் போல ஆகும்வரை குளிரவைத்தால் அறுநூறு குடம் வாயு ஒரே குடத்துக்குள் அடங்கும். அந்தக் குளிர் ஐஸ்கட்டிக் குளிர் இல்லை. ரப்பர் குழாயை அதில் முக்கித் தரையில் போட்டால் கண்ணாடி போலச் சிதறும், நான் பார்த்திருக்கிறேன். குளிரவைக்கிற இயந்திர வரிசைக்கு அங்கே டிரெயின் என்று பெயர். இதுவரை ஒன்றுதான் கட்டியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரெயின் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று நான் கேட்டு, ஒரு வாரம் என்னைக் கண்டாலே ஆட்கள் வாயில் கையை வைத்து விசில் அடித்தார்கள். அதன் பிறகு மாப்பிள்ளைதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

“மச்சான், இது எங்கயும் கிளம்பாத டிரெயின். ஆனா நின்னுச்சுன்னா எல்லாரும் நடுத்தெருவுல.”

அது எப்படி என்பதை மேனேஜர் காலைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். ஆறு வருஷம் கட்டினார்கள். ஒரு சொட்டு விற்பதற்கு முன்னால் ஒரு நகரத்தை விலைக்கு வாங்கும் பணம் இரும்புக்குள்ளும் சிமெண்டுக்குள்ளும் போய்விட்டது. அதில் முக்கால் பங்கு வங்கிகளுடையது. மற்ற தொழிலில் வேலை இல்லாத நாள் கதவைச் சாத்திவிட்டால் செலவு மிச்சம். இங்கே ஓட்டுகிற செலவு கொஞ்சம், கட்டின செலவுதான் மலை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி மட்டும் ஓடும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை படுத்தால் ஒரு பொன்னும் கிடையாது, தீனி மட்டும் கேட்கும். வாங்குகிறவர்கள் இருபது வருஷத்துக்கு எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கிகள் கொடுத்தன. இரண்டு பேருக்கும் நிபந்தனை ஒன்றுதான். குறித்த தேதிக்குள் ஆலை முப்பது நாள் நிற்காமல், சொன்ன அளவு குறையாமல் ஓடிக் காட்டவேண்டும். நடுவில் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். தேதி தாண்டினால் வாங்குகிறவர்கள் விலகிக்கொள்ளலாம், வங்கிகள் முதலாளிகளின் மற்ற சொத்தில் கைவைக்கலாம். இரண்டாம் டிரெயினுக்கு வெட்டின குழியில் தவளை குடியிருக்கும். இந்தத் தவளைப் பேச்சு மேனேஜருடையது, என்னுடையது இல்லை.

கேட் பக்கத்தில் ஒரு பலகை வைத்து ஒவ்வொரு நாளும் காலையில் அவரே வந்து எண்ணை மாற்றுவார். அதனால் அவருக்குக் ‘காலண்டர்’ என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

இனி எங்கள் நாடா விஷயம். தகட்டுக்கு மேலே தண்ணீர் துளிர்த்தால் குழாய் ‘வேர்க்குது’ என்போம், அங்கே மஞ்சள் நாடா கட்டுவோம். வெள்ளையாக உறைபனி படிந்தால் ‘பூத்திருக்கு’ என்போம், அங்கே சிவப்பு. மஞ்சள் என்றால் போர்வையில் ஓட்டை, ஓடும்போதே தைத்துவிடலாம். சிவப்பு என்றால் போர்வைக்கு உள்ளே என்ன என்று திறந்து பார்த்துதான் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, எந்தக் காகிதத்திலும் கிடையாது. கட்டின கைதான் அவிழ்க்கவேண்டும். திறந்து, பார்த்து, சரிசெய்து, மூடி, அதன் பிறகு கட்டினவனே அவிழ்ப்பான். மேனேஜர் சொன்னாலும் வேறு கை அதில் படாது. ஆகவே நாடா அவிழ்ந்திருந்தால் யாரும் மறுபடி போய்ப் பார்ப்பதில்லை, பார்த்தால் கட்டினவனை அவமானப்படுத்தியது ஆகும். தினமும் காலை எட்டு மணிக்கு வாக்கி டாக்கியில் எத்தனை மஞ்சள், எத்தனை சிவப்பு என்று கண்ட்ரோல் ரூமுக்கு நான் சொல்வேன். அங்கே கேட்டு எழுதிக்கொள்வது பெரும்பாலும் மாப்பிள்ளைதான்.

வங்கிகள் தங்கள் தரப்பில் ஒரு இன்ஜினியர் அம்மாவை அனுப்பியிருந்தன. தினம் பதினொரு மணிக்குக் கையில் நோட்டோடு ஒரு சுற்று வருவார். அதிகம் பேசமாட்டார். முதல் நாளே என்னிடம், “இந்தக் கலர் துணியெல்லாம் என்னங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். என் தாய்மாமன் ஒருத்தர் கடன்காரன் வீட்டு வாசலில் துண்டைக் கட்டிவிட்டு வந்த கதையில் ஆரம்பித்து நாடாவுக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆனது, அவ்வளவும் நின்று கேட்டார். அதன் பிறகு தினமும் எந்த இடத்தில் என்ன கலர் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். அந்த நோட்டை ஐயா கேட்டு வாங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று பின்னால் வரும்.

இருபத்துமூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி அளவில் எட்டாம் நம்பர் சாரத்துக்கு மேலே, டிரெயினிலிருந்து தொட்டிக்குப் போகும் பெரிய குழாயில், இரண்டு குழாய்கள் போல்ட் போட்டுச் சேருகிற மூட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருந்தது. பார்த்தது நானும் நெட்டை என்று கூப்பிடும் என் ஆளும். நான் சிவப்புக் கட்டினேன். எட்டு மணிக்கு மாப்பிள்ளையிடம் ஒரு சிவப்பு என்று சொன்னேன். பதினொரு மணிக்கு இன்ஜினியர் அம்மா வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு நெட்டையைக் கீழே ஸ்க்ரூ எடுத்துவர அனுப்பிவிட்டு, தகட்டைக் கழற்றி, நுரைக்கட்டியில் ஒரு துண்டை நான் தனியாக உருவினேன். உள்ளே புகை. போர்வையில் ஓட்டை இருந்தால் இரும்பு காய்ந்திருக்கும், பனி மட்டும் இருக்கும். இங்கே மூட்டுக்கு அடியில் பளபளவென்று ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழும், புகையாகும், இன்னொன்று ஊறும். நான் மடத்தனமாகக் கையுறையைக் கழற்றி இடது பெருவிரலை அங்கே வைத்தேன். ஏன் வைத்தாய் என்று ஐயா கேட்டார். ஐம்பது வருஷமாக எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறேன், அதுதான் காரணம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மூச்சில் விரல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் அங்கேயே இருந்துவிட்டது.

முதலுதவி அறைக்குப் போனேன். நர்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, டீ கொதிக்கும் பாத்திரம் பட்டுவிட்டது என்று சொன்னேன். அங்கே பதிவேட்டில் அந்த நாள், அந்த நேரம், தீப்புண் என்று எழுதியிருக்கும். அது பொய். ஏன் அப்போதே பொய் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். திரவம் சொட்டுகிறது என்று நர்ஸிடம் சொன்னால் அது மேலே போகும், மேலே போனால் ஆலை நிற்கும். அதை முதலில் மேனேஜர் கேட்கட்டும், நிற்கச் சொல்லும் வாய் என் வாயாக இருக்கவேண்டாம் என்று நினைத்தேன்.

பகல் ஒரு மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். தகரக் கொட்டகைதான், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் தேதி குறித்த பெரிய தாள். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். விரலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார்.

“மேஸ்திரி, சொட்டா, ஒழுக்கா?”

“சொட்டுதான்ங்க. மூட்டு இளகியிருக்கு. ஆலையை ஓட்ட ஆரம்பிச்சப்ப, கப்பல் வெளிய காத்திருக்குன்னு நாலு நாள் குளிர வைக்க வேண்டியதை ரெண்டரை நாள்ல குளிர வெச்சோமே, அப்பவே இரும்பு திடுக்குன்னு சுருங்கியிருக்கும். சூடான பாத்திரத்துல பச்சைத்தண்ணி ஊத்தின மாதிரி.”

“நிறுத்தி முறுக்கணும்னா?”

“நிறுத்தி, காலி பண்ணி, சூடாக்கி, முறுக்கி, மெதுவா குளிர வெச்சு. பதினோரு நாள்.”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்தக் குறித்த தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்புறம் பாத்திரத்தை மூடிவிட்டுச் சொன்னார், “உங்களுக்குத் தெரியாததா? நின்னா, நின்ன நாளோட போகாது. முப்பதும் போகும். உங்க நாப்பது பேரு, ரெண்டாவது டிரெயின்ல மூணு வருஷ வேலை, உங்க மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை, எல்லாம் மிச்சம் இருக்கிற ஏழு நாளுக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஓடி முடியட்டும். எட்டாவது நாள் நானே நிறுத்தச் சொல்றேன்.”

நான், “அப்ப சிவப்பு?” என்று கேட்டேன்.

“நான் அவுக்கச் சொல்லலையே. கட்டின கைதான் அவுக்கணும்னு உங்க சட்டம். கட்டினது நீங்க. எனக்கும் மேல ஆளு இருக்காங்க, மேஸ்திரி. உங்களுக்கு மேல யாரும் இல்ல, அந்த நாடா விஷயத்துல.”

அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை, பணம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. இதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று சொன்ன இடத்தில் என் மனம் சாய்ந்தது. என் தங்கைக்கு வாடகை வீடு மாறி மாறியே பாதிப் பாத்திரம் உடைந்துபோனது. போன தடவை வீடு மாறும்போது சட்டி பானை ஏற்றின வண்டிக்காரன், “அம்மா, போன வருஷமும் உங்களைத்தானே ஏத்தினேன்?” என்று அடையாளம் கண்டு கூலியில் குறைத்துக்கொண்டான். இந்த இடத்தில் ஐயா மறுபடி விஷயத்துக்கு வரச் சொன்னார். வருகிறேன்.

மறுநாள், இருபத்துநான்காம் நாள், காலை ஆறரை மணிக்கு, ஆட்கள் வருவதற்கு முன் நான் தனியாகச் சாரத்தில் ஏறி, அந்த மூட்டுக்கு நுரைக்கட்டி இரட்டையாக வைத்து, ஓரமெல்லாம் பசை பூசி, புதுத் தகடு வைத்து, புது ஸ்க்ரூ பன்னிரண்டு போட்டு மூடினேன். வெளியே ஒரு பொட்டுப் பூ தெரியவில்லை. என் வேலையில் அவ்வளவு சுத்தமாக நான் மூடினது அதுதான். அதன் பிறகு சிவப்பை அவிழ்த்து என் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அந்த நாடாவை இன்று ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வாக்கி டாக்கியில், “மச்சான், அந்தச் சிவப்பு என்னாச்சு?” என்று கேட்டார். நான் சொன்னேன், “அதை ஏன் கேக்குறீங்க மாப்ள, உள்ள பாத்தா கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல விரல் போற இடைவெளி. அதுலயும் ஒரு கட்டி ஊறிப்போய்க் கெடக்கு. போன மாசம் மழைக்குள்ள வெச்ச கட்டி அது. வெச்சது யாரு, நம்ம நெட்டைதான். அவன் உசரத்துக்கு அவன் இடுப்புக்குக் கீழ இருக்கிறது எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியாது. செருப்பு மாத்திப் போட்டுக்கிட்டு வந்தான் பாருங்க ஒரு நாள், ஞாபகம் இருக்கா? எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா வெச்சு அவுத்துட்டேன்.” மாப்பிள்ளை சிரித்தார். கண்ட்ரோல் ரூமில் கூட இருந்தவர்கள் சிரித்ததும் கேட்டது. மழையில் நனைந்த கட்டியை நெட்டை வைத்தான் என்பதும் பொய். அவன் இல்லாத இடத்தில் அவனை இழுத்ததற்கு அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் அம்மா அந்த இடத்தில் நின்று, “இங்க நேத்து சிவப்பு இருந்துச்சே?” என்று கேட்டார். சரிசெய்தாகிவிட்டது என்று சொன்னேன். “நீங்கதானே கட்டினீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “நீங்கதானே அவுத்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன். என் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். அந்த இரண்டு நாள் பக்கமும் என் விரலும் ஒன்றுக்கொன்று சாட்சி.

அதற்குப் பிறகு நான்கு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. பலகையில் எண் மாறும்போதெல்லாம் ஆட்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டாம் நம்பர் சாரத்துக்குக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பேன். தகடு பளபளவென்று இருக்கும். எனக்கு முகம் தெரியும் அளவு பளபளப்பு.

இருபத்தெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு நான் பன்னிரண்டாம் நம்பர் சாரத்தில் இருந்தேன். அங்கிருந்து எட்டாம் நம்பர் நாற்பது அடி இருக்கும். எட்டாம் நம்பருக்குக் கீழே, காற்று வீசிப் போகும் பக்கத்தில், ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் நெட்டையும் இன்னும் ஐந்து பேரும் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாயு கசிந்தால் அடிக்கிற மணி ஒன்று அடித்தது. ஒரு மணி அடித்தால் எச்சரிக்கை மட்டும். இரண்டு அடித்தால்தான் ஆலை தானாக நிற்கும். வாக்கி டாக்கி திறந்திருந்ததால் கண்ட்ரோல் ரூமில் மேனேஜர் பேசுவது எனக்குக் கேட்டது. உப்புக்காற்று பட்டு அந்த மணி கெட்டிருக்கும், போன வாரமும் இப்படித்தான் அடித்தது, அதை அணைத்து வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் அது சும்மா அடித்தது உண்மைதான்.

அதன் பிறகு மாப்பிள்ளையின் குரல் வந்தது.

“மச்சான், எட்டாம் நம்பர் பக்கம் இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்றேன்.

“அங்க சிவப்பு இருக்கா?”

நான் திரும்பிப் பார்த்தேன். நான் போட்ட தகட்டின் அடி ஓரத்திலிருந்து, பால் பொங்கி வழிகிற மாதிரி வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, வாசனை இல்லை. தரையைத் தொட்டதும் பரந்து, ஜெனரேட்டர் பக்கம் மெதுவாக நகர்ந்தது. அதிலிருந்து ஒரு பொறி பட்டால் போதும், மொத்தமும் பிடித்துக்கொள்ளும். நெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்கும் அவனுக்கும் நடுவே பதினைந்து அடி இருந்திருக்கும். ஆலை முழுக்க எல்லா வாக்கி டாக்கியிலும் நான் பேசுவது கேட்கும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் இரண்டே நாள் என்பதும் தெரியும். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது.

“சிவப்பு இல்ல.”

அது உண்மை. அங்கே சிவப்பு இல்லை, என் பெட்டியில் இருந்தது.

அதன் பிறகு மேனேஜர், “கேட்டியா, இல்லன்னு சொல்றாரு, மணியை அணை” என்று சொன்னது கேட்டது. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆலை முழுவதும் சங்கு ஊதியது. டிரெயின் நின்றது. இருபத்தெட்டு நாளாகக் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று இல்லாமல் போனதும் எனக்குத் தலை சுற்றியது. மிச்ச வாயுவை எரித்துவிடுகிற உயரக் குழாயின் உச்சியில் தீ எழும்பியது. நான் சாரத்திலிருந்து இறங்கி, விழுந்து, எழுந்து ஓடி ஜெனரேட்டரை அணைத்தேன். வெள்ளை என் முழங்கால்வரை வந்திருந்தது, காலில் உணர்ச்சி இல்லை. நெட்டையைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்பி, “என்ன போர்வை, எதுக்கு இழுக்குற?” என்று கேட்டான். குழாயில் வரத்து நின்றதால் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட் பலகையில் எண்ணை எடுத்துவிட்டார்கள், வெறும் பலகை நின்றது.

அன்று மாலையே கம்பெனியில் சொன்னது இது. மூட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆலையைத் திடீரென்று நிறுத்திய அதிர்ச்சியில்தான் அது இளகியது, ஆபரேட்டரே கேட்டு மேஸ்திரியே சிவப்பு இல்லை என்று சொன்ன பிறகும் அமுக்கியிருக்கிறார், ஆகவே இது வேண்டுமென்று செய்தது. வாக்கி டாக்கிப் பேச்சு பதிவாகியிருக்கிறது, அதில் என் குரல் தெளிவாக இருக்கிறது. மறுநாள் காலை மாப்பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தீர்கள்.

மூன்று நாள் கழித்து என் தங்கை வந்தாள். உட்காரவில்லை. என் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகு, “அண்ணா, உங்க குரலைப் போட்டுக் காட்டினாங்க. அது நீங்கதானான்னு என்னைக் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்” என்றாள். அவள் போன பிறகு வாக்கி டாக்கியை அணைத்து வைத்தேன்.

நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு இதே ஸ்டேஷனில் அனுமதி வாங்கி மாப்பிள்ளையைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். காவலர் பக்கத்தில் இருந்தார். மாப்பிள்ளை என் விரலைக் கேட்டார், ஆறிவிட்டதா என்று. ஆறுகிறது என்றேன். அதன் பிறகு நான் கேட்டேன்.

“மாப்ள, நான்தான் சிவப்பு இல்லன்னு சொன்னேனே. அப்புறம் ஏன் அமுக்குனீங்க?”

அவர் கொஞ்சம் சிரித்தார்.

“மச்சான், பதினாறு வருஷமா உங்களைக் கேக்குறேன். மணி என்னன்னு கேட்டா, கடிகாரம் வாங்கின கதையைச் சொல்லிட்டுத்தான் மணி சொல்லுவீங்க. அன்னைக்கு ரெண்டு வார்த்தையில நிறுத்திட்டீங்க. அதுலயும் மாப்ளன்னு கூப்பிடல. அங்க ஏதோ பெருசா இருக்குன்னு அமுக்கிட்டேன்.”

இதை நீங்கள் ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். “என்னன்னு சொல்றது, எங்க மச்சான் சுருக்கமா பேசினாரு, அதனால ஆலையை நிறுத்தினேன்னா? அடிச்சே கேப்பாங்க” என்றார். பக்கத்தில் இருந்த காவலர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இருபத்துநான்காம் நாள் நான் நீட்டி முழக்கிச் சொன்ன பொய்யை அவர் நம்பியிருக்கிறார், இருபத்தெட்டாம் நாள் குட்டையாகச் சொன்ன உண்மையை நம்பவில்லை. நம்பியிருந்தால் நெட்டையும் ஐந்து பேரும் இன்று இல்லை. நானும் இருந்திருக்கமாட்டேன். வெளியே வந்து, ஸ்டேஷன் வாசல் பைப்பில் முகம் கழுவிவிட்டு, இன்று காலை ஒன்பது மணிக்கு நானே வந்து ஐயா மேஜைக்கு முன் உட்கார்ந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது இது. முதலுதவி அறைப் பதிவேட்டில் இருபத்துமூன்றாம் நாளில் என் பேரில் இருக்கும் தீப்புண், குளிர்ப்புண். எந்த டாக்டரிடம் காட்டினாலும் சொல்லிவிடுவார். இன்ஜினியர் அம்மாவின் நோட்டில் அந்த மூட்டுக்கு ஒரு நாள் சிவப்பு இருக்கும், மறுநாள் இருக்காது. அந்தக் குழாயில் மற்ற தகடுகளில் எல்லாம் துருவேறின ஸ்க்ரூ, நான் போட்ட தகட்டில் பன்னிரண்டும் புதுசு. மூட்டு, ஆலை நிற்பதற்கு ஐந்து நாள் முன்பே சொட்டிக்கொண்டிருந்தது. கட்டினது என் கை, அவிழ்த்ததும் என் கை. என் தங்கை வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. மேனேஜர் பேசியதை நான் சொன்னபடி எழுதியிருக்கிறது, அதில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஐயா இதை இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் தடவையில் எங்கள் அப்பா சாப்பிடப் போனது, வண்டிக்காரன் கூலி குறைத்தது, நெட்டையின் செருப்பு, இவை மூன்றும் விட்டுப்போயிருந்தன. வழக்குக்கு வேண்டாதது என்றார். அவற்றையும் சேர்க்கச் சொன்னேன். நான் சுருக்கமாகப் பேசின பதிவு ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, இரண்டாவது வேண்டாம் என்று சொன்னேன். ஐயா சேர்த்தார். இப்போது நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எல்லாம் என் வாயால், என் அறிவோடு சொன்னது, எல்லாம் நிஜம்.

இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். ரேகை விழவில்லை, வெறும் கறுப்பு விழுந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போடவேண்டாம், கறுப்பும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பக்கத்தில் வலது பெருவிரல் வைத்திருக்கிறேன்.